கக்கத்தில் பத்து நிமிடம்

ஒருவரைப் பழிவாங்க வேண்டும் என்ற நினைப்போடு வேலைக்குப் போகிறவனுக்கு பஸ்ஸில் சீட் கிடைக்காததும் நல்லதுதான். உட்கார்ந்தால் தூக்கம் வரும். தூங்கி எழுந்தால் கோபம் கொஞ்சம் ஆறிவிடும். நான் போர்டிங்கில் தங்கியிருந்த குண்டசாலையில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி கண்டி வரைக்கும் நின்றுகொண்டே போவேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மலைச்சரிவில் இருந்த எங்கள் ஆய்வுகூடத்துப் படிகளில் ஏறும்போது கோபம் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரி இருக்கும். மார்கழியும் தையும் எனக்கு அப்படித்தான் போயின.

நான் பழிவாங்க நினைத்தவர் அந்த ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக, பிஎச்.டி.க்காக, படித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். நான் இல்லாத இடத்தில் 'உந்தப் பெடியன்' என்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே அப்படிச் சொல்வார். ஆள் கெட்டிக்காரர். ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். எங்கள் இருவருக்கும் மேலே மேடம் இருந்தார். அவர் சிங்களவர், பேராசிரியர். கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் இன்னும் தாழ்த்துவார்.

நான் ஆய்வு உதவியாளன். எங்கள் வீட்டில் உயர்தர வகுப்பு வரைக்கும் போன முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவே இல்லை. இன்றைக்கும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பல்கலைக்கழகம் முடித்து எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்று போனில் கேட்டார். உடம்பில் கொழுப்பு எப்படிச் சேருகிறது, அதைத் தடுக்க என்ன வழி என்று பார்க்கிற வேலை என்றேன். அம்மா திருப்பிக் கேட்டார்.

"இங்க யாருக்குடா கொழுப்பு இருக்கு, தடுக்குறதுக்கு? தோட்டத்துக் கணக்கப்புள்ளைக்கு வேணா ரெண்டு மாத்திர அனுப்பு."

மாத்திரை இல்லை அம்மா, இது வேறு என்று விளக்கப் பார்த்தேன். முடியவில்லை. இங்கே இன்னொரு தடவை முயன்று பார்க்கிறேன், ஏனென்றால் நடந்தது எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு கலமும், அதாவது ஒவ்வொரு செல்லும், கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாகச் சேர்த்து வைக்கிறது. சேர் அல்லது செலவழி என்று வெளியிலிருந்து கலத்துக்குச் செய்தி வருகிறது. அந்தச் செய்தியை உள்ளே கைமாற்றிக் கொண்டுபோவது நொதியங்கள், ஆங்கிலத்தில் என்சைம்கள். ஒரு நொதியம் அடுத்ததைத் தட்டும், அது அதற்கு அடுத்ததைத் தட்டும். இதில் யார் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஒரு நொதியத்தை மட்டும் நிறுத்திவிட்டு, கலத்தில் என்ன மாறுகிறது என்று பார்ப்பார்கள். நிறுத்துவதற்கு இருக்கிற பொருளைப் பள்ளிக்கூடத்தில் நிரோதி என்று படித்தோம். மிகச் சிறிய ஒரு மூலக்கூறு. நொதியத்தின் இடுக்கில் போய் உட்கார வேண்டிய பொருளின் சாயலில் இருக்கும். அதற்கு முன்னால் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உரியது வரும்போது இடம் இருக்காது.

இதில் அளவுதான் உயிர். கொஞ்சமாகக் கொடுத்தால் அந்த ஒரு நொதியம் மட்டும் நிற்கும். கூடினால் நிரோதி அக்கம்பக்கத்து நொதியங்களிலும் போய் உட்காரும், கலம் செத்துவிடும். குறைந்தால் எதுவுமே நடக்காது. எங்கள் நிரோதி வெள்ளைத் தூளாக வெளிநாட்டிலிருந்து வந்தது. கடுகளவுதான். சுங்கத்திலிருந்து அதை வெளியே எடுக்கவே மாதக்கணக்கில் காத்திருந்தோம். தண்ணீரில் கரையாது என்பதால் ஒரு கரைப்பானில் கரைத்து, இரண்டு சிறிய குழாய்களில் நிரப்பி உறைபெட்டியில் வைத்தேன். ஒன்றை எடுத்துப் பாவிப்பது, மற்றதைத் தொடாமல் வைப்பது என்று மேடம் சொன்னார்.

அந்தக் கரைப்பானுக்கு ஒரு குணம் உண்டு. பதினெட்டுப் பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக இறுகி நிற்குமே, அப்படி. எங்கள் அறையில் குளிர்சாதனம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குழாய் மேசையில் அரை மணித்தியாலம் இருந்தாலும் அடியில் கட்டியாகவும் மேலே திரவமாகவும் நிற்கும். பாதி உருகின நிலையில் மருந்தெல்லாம் அந்தத் திரவத்தில்தான் திரண்டு இருக்கும். மேலாக உறிஞ்சி எடுத்தால் நினைத்ததைவிட மிகக் கூடுதலான மருந்து வரும். மிச்சத்தை அடுத்த முறை எடுத்தால் மருந்தே இருக்காது.

முதல் மாதம் எனக்கும் இது தெரியாது. இரண்டு முறை துளியளவு எடுத்துச் சோதித்தும் பிழையாகிப்போய், மூன்றாம் முறை குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. சுடுநீர்த் தொட்டியில் வைத்தால் மூடியோரமாகத் தண்ணீர் உள்ளே போகும், அதுவும் ஆகாது. சுற்றிப் பார்த்தேன். காய்ந்ததாகவும் முப்பத்தேழு பாகையாகவும் அந்த அறையில் இருந்தது என் உடம்பு மட்டும்தான். குழாயைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள்ளே கக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி உருகிவிட்டது. பிறகு குழாயை நன்றாகக் கலக்கி எடுத்தேன். அன்றிலிருந்து ஒரு முறையும் தவறவில்லை.

அவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்ன தம்பி, முட்டை அடைகாக்கிறியோ?"

நான் காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வெளியே போய் யாரிடமோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

எட்டு மாதம் வேலை செய்தேன். தட்டுகளில் வளர்த்த கலங்களுக்குக் கொழுப்பு ஊட்டுவது, நிரோதியை அளந்து கொடுப்பது, சிவப்புச் சாயம் ஏற்றுவது, நுணுக்குக்காட்டியில் படம் எடுப்பது. நிரோதி கொடுத்த கலங்களில் சிவப்புத் துளிகள் பாதியாகக் குறைந்திருந்தன, கலங்களோ உயிரோடு இருந்தன. முழுப் பரிசோதனையையும் இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் ஒரே முடிவு. அண்ணன் வந்து படங்களைப் பார்ப்பார், தலையாட்டுவார், தன் மடிக்கணினியில் ஏற்றிக்கொள்வார். கட்டுரை அவர் எழுதுவார், அதில் என் பெயரும் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு கட்டுரையிலாவது பெயர் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பிறகு கண்டியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அவர் பேசினார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். திரையில் வந்த படங்கள் எல்லாம் என்னுடையவை. எந்தப் படத்தின் மூலையில் தட்டுக் கீறியிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். முதல் பக்கத்தில் அவர் பெயரும் மேடத்தின் பெயரும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில், தொழில்நுட்ப உதவி என்று என் பெயர். அதிலும் ஓர் எழுத்துப் பிழை. மருந்தை அளந்து கொடுத்தது யார் என்று சபையில் ஒருவர் கேட்டதற்கு, தானே அளந்ததாகச் சொன்னார். மேடம் கொழும்பில் இருந்ததால் அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் தேநீர் நேரத்தில் அவரிடம் தனியாகக் கேட்டேன். கேட்க வேண்டியதைப் போர்டிங் அறையில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். கட்டுரையில் என் பெயர் வருமா அண்ணே என்றேன். அவர் கோபப்படவில்லை. கோப்பையில் சீனி போட்டுக் கலக்கினார்.

"எழுதுறவன்தான் தம்பி ஆசிரியன். கைவேலை கைவேலைதான். கொழுந்து பறிக்கிற ஆக்களின்ர பேரைத் தேயிலைப் பெட்டியில போடுறவையோ?"

நான் சிரித்தேன். அவர் சொன்னதை மன்னித்தாலும் மன்னித்திருப்பேன். நான் சிரித்ததை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் பகிடிக்குச் சொன்னதாகத் தோளில் தட்டிவிட்டு என் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். கட்டுரைக்குச் செய்முறையைப் பிரதி எடுக்க வேண்டுமாம். கொடுத்தேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வுகூட நோட்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. என் ஆங்கிலம் படித்து வந்த ஆங்கிலம். நுணுக்குக்காட்டிக்கும் மையநீக்கிக்கும் ஆங்கிலச் சொல் தெரியும். வாளிக்கும் விளக்குமாற்றுக்கும் யோசிக்க வேண்டும். யோசித்தும் வராத இடத்தில் தமிழில் எழுதிவிட்டு மேலே போவேன். கக்கத்து வழி பிடிபட்ட பிறகு நிரோதியை எடுத்த ஒவ்வொரு நாளின் பக்கத்திலும், ஆங்கில வரிகளுக்கு நடுவே 'கக்கம் 10 நிமி.' என்று இருந்தது.

அண்ணன் இரண்டு நாள் இருந்து நோட்டு முழுவதையும் நல்ல ஆங்கிலத்தில் எழுதி எடுத்தார். திருப்பித் தந்தபோது அவர் எழுதியதை மேலோட்டமாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அந்த ஒரு வரி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. மறந்து விடவில்லை. மறப்பதென்றால் ஒரு நாள் மறக்கலாம். அசிங்கம் என்று விட்டுவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதைக்கு அதில் எனக்கு எந்தத் திட்டமும் இருக்கவில்லை என்பது சத்தியம்.

மேடத்துக்கு ஒரு விதி உண்டு. கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறதோ, அவர் தன் கையால் ஒரு முறை முழுப் பரிசோதனையையும் செய்து அதே முடிவைக் காட்ட வேண்டும். காட்டாமல் மேடம் எதையும் அனுப்ப விடமாட்டார். ஆகவே மார்கழி நடுவில் அண்ணன் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். என்னைத் தட்டுகள் கழுவச் சொன்னார்.

முதல் நாள் காலை நன்றாகக் குளிர்ந்தது. அவர் உறைபெட்டியிலிருந்து குழாயை எடுத்து, விரல்களுக்கிடையே கொஞ்சம் உருட்டினார். அடியில் வெள்ளை தெரிந்தது. மூடியைத் திறந்து, மேலே உருகியிருந்ததைப் பிப்பெட்டால் உறிஞ்சினார். நான் கழுவும் தொட்டியடியில் நின்றேன். வாயைத் திறந்துவிட்டேன், அண்ணே என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது தேயிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

மறுநாள் கலங்கள் எல்லாம் செத்துத் தூசி மாதிரி மிதந்தன. கலங்களில்தான் கோளாறு என்றார் அவர். மறுவாரம் புதுக் கலங்களை எடுத்தார். அதே குழாய், அதே மாதிரி உருட்டல். இந்த முறை முக்கால்வாசி செத்தன. அதற்கடுத்த முறை, மருந்து போதாமல், ஒரு கலமும் சாகவில்லை, ஒரு துளியும் குறையவில்லை. கொழுகொழுவென்று சிவப்பாக இருந்தன. அதற்குப் பிறகு செய்தவையும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அவர் கலங்களை ஈரச் சூட்டில் வளர்க்கும் அடைகாப்பானைச் சந்தேகப்பட்டார், ஊட்டத்தைச் சந்தேகப்பட்டார், நான் தட்டுகளில் சவர்க்காரம் விட்டுவிட்டேன் என்றார். இரண்டு தரம் கழுவச் சொன்னார். நான் மூன்று தரம் கழுவினேன். அவ்வளவு சந்தோஷமாக வாழ்க்கையில் நான் எதையும் கழுவியதில்லை.

அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது. போர்டிங்கில் சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா போனில், குரல் தெளிவாக இருக்கிறதே, சம்பளம் கூட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒவ்வொரு காலையும் குட்ஷெட்டில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, இன்றைக்கும் குழாயை உருட்டுவாரா என்று நினைத்தபடி நிற்பேன். ஒரு சொல் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கக்கத்தில் வைத்த மாதிரி இறுக்கி வைத்திருந்தேன்.

தை கடைசியில் மேடம் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பழைய படங்கள் ஒரு பக்கம், புதிய படங்கள் ஒரு பக்கம் கிடந்தன. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. முதல் இரண்டு முறையும் அச்சடித்த மாதிரி ஒரே முடிவு, இப்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று. இதில் எது உண்மை என்று கேட்டார். முதலில் வந்தவை உண்மையில் செய்து எடுத்த படங்களா, பொய்யாகத் தயாரித்த படங்களா என்பதுதான் கேள்வி. அதை அவர் வாயால் சொல்லவில்லை, எங்களுக்கு விளங்கியது.

அண்ணன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இரண்டு முறையும் தான் செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊட்டியதும் அளந்ததும் படம் எடுத்ததும் எல்லாம் இந்தப் பையன்தான், தான் நம்பிவிட்டதாகச் சொன்னார். என் முழுப்பெயரையும் சொன்னார், ஓர் எழுத்தும் பிசகாமல்.

எட்டு மாதமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த வாக்கியம் அது. எல்லாம் செய்தது இவன்தான். அதைக் குற்றமாகச் சொல்லும்போதுதான் என் காதில் விழுந்தது. அவரைக் கவிழ்க்க நான் தோண்டிய குழி என் காலடியிலும் தோண்டப்பட்டிருந்தது எனக்கு அதுவரை தெரியவில்லை. அவர் முடிவு வராமல் நின்றால், பொய்யென்று ஆவது என் முடிவுகள். பெயர் வராமல் போவது ஒன்று. கள்ளன் என்று பெயர் வருவது வேறொன்று.

மேடம் என் நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு பின்னுக்குப் போய் இன்னொரு பக்கத்தில் வைத்தார், இன்னொன்றில் வைத்தார். மருந்து எடுத்த நாட்களில் எல்லாம் இந்த ஒரு வரி தமிழில் இருக்கிறதே, இது என்ன என்று அண்ணனிடம்தான் கேட்டார். நோட்டைப் பிரதி எடுத்தவர் அவர்தானே.

அவர் நோட்டைப் பார்த்தார். வாசிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் தமிழில் சொன்னார்.

"உதையெல்லாம் நோட்டில எழுதுறதோ?"

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு ஆங்கிலச் சொல் அப்போதும் வரவில்லை. சிங்களத்தில் தெரியும், ஆனால் ஒரு பேராசிரியரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, இடது விரலால் காட்டினேன். பிறகு கையை இறக்கி இறுக்கிக் காட்டி, பத்து விரல்களையும் விரித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் சட்டையையே பார்த்தார். பிறகு, பதினெட்டுப் பாகை, என்று தனக்குத்தானே சொன்னார். அண்ணன் பக்கம் திரும்பி, உன் பிரதியில் இந்த வரி எங்கே என்றார். அது அவ்வளவு முக்கியமாகத் தனக்குப் படவில்லை என்று அவர் சொன்னார். நீ எப்படி உருக்கினாய் என்று கேட்டார் மேடம். அவர் விரல்களை உருட்டிக் காட்டினார். காட்டும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் அப்படியே இறங்கியது. ஒன்றரை மாதமாக பஸ்ஸில் நின்றபடி நான் கற்பனை செய்த முகம். நான் கண் கொட்டாமல் பார்த்தேன்.

இரண்டாவது குழாயை எடுத்து, அடுத்த புதன்கிழமை என்னையே செய்து காட்டச் சொன்னார் மேடம். அங்கேயே விட்டிருக்கலாம். என் முடிவு உண்மை என்று நிரூபிக்க அது போதும். ஆனால் எனக்குப் போதவில்லை. முதல் பெயருக்குரியவர் தன் கையால் செய்ய வேண்டும் என்பது உங்கள் விதி அல்லவா மேடம் என்று பணிவாகக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சரிதான், அவன் செய்யட்டும், நீ பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியும் சொல்லு என்றார்.

புதன் காலை அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினார். நான் குழாயைப் பையில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கி உள்ளே வைத்தார், குளிரில் தோள் துள்ளியது. மேடம் ஜன்னலோரம் நின்றார். அந்த நேரம் பார்த்து பக்கத்துத் துறையிலிருந்து இரண்டு மாணவிகள் தராசு கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை.

"அண்ணே, கைய நல்லா எறக்கி வச்சுக்கங்க," என்றேன். "அடைகாக்கும்போது செட்டைய விரிக்கக் கூடாது."

"உனக்குக் கொழுப்பு," என்றார், பல்லுக்குள்ளே.

"ஆமாண்ணே. அதத்தான படிக்கிறேன்."

மாணவிகளில் ஒருத்திக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அலுமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் கடிகாரம் இருந்தது. ஏழாவது நிமிடத்தில் அவர் எடுக்கப் பார்த்தார். இன்னும் மூன்று இருக்கிறது என்றேன். பத்தாவது நிமிடம் முடிந்தும் நான் வாய் திறக்க அரை நிமிடம் பிந்தினேன். அந்த அரை நிமிடம் செய்முறையில் இல்லை.

குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு வெள்ளைப் பொட்டும் இல்லை. கலக்கி, அளந்து, கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயம் ஏற்றிப் பார்த்தோம். துளிகள் பாதியாகக் குறைந்திருந்தன, கலங்கள் உயிரோடு இருந்தன. என் படங்களைப் பக்கத்தில் வைத்தால் எது எவருடையது என்று சொல்ல முடியாது. மேடம் நுணுக்குக்காட்டியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆய்வுகூடத்தில் இனி எவருடைய கக்கமும் பாவிக்கப்படாது என்றும், காய்ந்த சூட்டுப்பெட்டி ஒன்று வாங்கப் போவதாகவும் சொன்னார். கட்டுரையில் அந்த வரி, முப்பத்தேழு பாகையில் முழுவதும் உருக்கப்பட்டது, என்று மாறியது.

திங்கட்கிழமை மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திரையில் கட்டுரையின் முதல் பக்கத்தைக் காட்டினார். இரண்டாவது பெயர் என்னுடையது. எழுத்து சரியா என்று பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்றேன். எனக்குக் கண் கலங்கியது. அது தெரியாமல் இருக்கத் திரைக்குக் கிட்டக் குனிந்தேன்.

அவன் பாதி உருகின குழாயிலிருந்து எடுத்ததை நீ பார்த்தாயா என்று அப்போதுதான் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். பார்த்தேன் என்றேன். எத்தனை முறை என்றார். நான்கு என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், தேயிலைப் பெட்டியைச் சொல்லலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். அவர் கேட்கவில்லை. அந்த முதல் குழாய் இனிக் குப்பைக்குத்தான், அடுத்தது வர எத்தனை மாதமாகும் என்று உனக்குத் தெரியும் என்றார். பிறகு என் நோட்டைத் தள்ளி, அதை எழுது என்றார். எந்தெந்த நாள் பார்த்தாய், எந்தெந்த நாள் பேசாமல் இருந்தாய், ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் விடாமல். எழுதிக் கையொப்பம் வை. சாட்சிக் கையொப்பம் அவன் வைப்பான், ஆய்வுகூடத்தில் வேறு ஆள் இல்லை. உன் பெயரை எடுக்கமாட்டேன், வேலை உன்னுடையது. இந்தப் பக்கமும் இந்த நோட்டில் இருக்கும்.

மேசைக்கு வந்து எழுதினேன். நான்கு திகதிகள். எழுதும்போது வெட்கமாக இருந்ததா என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். குழாயை நினைத்தால் இருந்தது. அவரை நினைத்தால் இருக்கவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. கையொப்பம் வைத்து, நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு திகதியிலும் விரல் நின்று நின்று போனது. கத்துவார், அல்லது நோட்டைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கடைசித் திகதிக்குக் கீழே விரலை வைத்தார்.

"நாலு இல்லை, தம்பி. அஞ்சு. பல்லேகலையில கிரிக்கெட் மட்ச் நடந்த அண்டைக்கும் நான் எடுத்தனான். நீ வாசல்ல நிண்டனி."

பஸ் நெரிசலில் மாட்டிப் பிந்தி வந்த நாள் அது. அதனால் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் பை தோளில் தொங்க, வாசலில் நின்று முழுவதையும் பார்த்தேன். அவர் மூடியை மூடும்வரை உள்ளே போகவில்லை.

நான்கு என்ற சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி ஐந்து என்று எழுதினேன். கீழே ஐந்தாவது திகதியைச் சேர்த்தேன். வெட்டித் திருத்திய இடத்தில் இருவரும் கையொப்பம் வைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அவர் என் பேனையை வாங்கி முதலில் வைத்தார். அவருடைய எழுத்து நடுங்கியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். நடுங்கவில்லை.